பவனிப் பாட்டில் ஒரு ஸ்வரம்

கடைசிப் படியும் தாண்டிவிட்டது என்று நினைத்து, இன்னும் ஒரு படி மிச்சமிருந்ததைக் கவனிக்காமல் கால் வைத்து, யூனிஸ் டீச்சர் பேருந்திலிருந்து விழுந்ததைப் போன வாரம் பார்த்தோம். வள்ளியூரில் மாமா வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுத் திரும்பிய நாள் அது. வலது மணிக்கட்டில் முறிவு. முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார் மருத்துவர். மகள் கல்யாணத்துக்கு மிச்சமிருந்ததோ ஒன்பது நாள்.

அதில் ஏழு நாள் ஓடிவிட்டது. இன்று செவ்வாய். கல்யாணம் வியாழன்.

கை வலியைப் பற்றி யூனிஸ் ஒரு வார்த்தை முறையிடவில்லை. அவள் துக்கம் வேறு. பாளையங்கோட்டையில் அவர்கள் சபையில் இருபத்தாறு வருஷமாக ஆர்கன் வாசிப்பவள் அவள். மணப்பெண் ஆலய வாசலிலிருந்து பீடம் வரை நடந்து வரும்போது ஒரு பவனிப் பாட்டு வாசிப்பாள். அதற்கு வார்த்தை கிடையாது, வாத்தியம் மட்டும்தான். கடைக்காரர் மகள், கலெக்டர் ஆபீஸ் சூப்பிரண்டு மகள், தன்னிடம் அறிவியலில் முட்டை வாங்கிய பெண் என்று யார் யாரோ அந்தப் பாட்டில் நடந்து போய்விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் யூனிஸ் மனதுக்குள், ‘ஒருநாள் என் மகளுக்கு’ என்று சொல்லிக்கொண்டுதான் வாசித்தாள்.

அந்த ஒருநாள் வரும்போது கை மாவுக்கட்டில்.

சபைச் செயலாளர் நல்ல மனிதர். வெளியூரிலிருந்து ஒரு கீபோர்டு வாசிப்பவரை ஏற்பாடு செய்து வைத்திருந்தார். “சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒத்திகை. அது முடியுறதுக்குள்ள அவர் வரணுமா வேண்டாமான்னு சொல்லிருங்க டீச்சர்” என்று காலையிலேயே போன் செய்துவிட்டார்.

மகள் பெர்சிஸ் ஒரே போடாகப் போட்டாள். “நீங்க வாசிக்கலன்னா பாட்டே வேண்டாம்மா. ஃபேன் சத்தத்துல நடந்து வாரேன்.”

“பேசுத பேச்சப் பாரு.”

“பேச்சு இல்ல. உங்க கைதான் உடைஞ்சிருக்கு. நீங்க எப்படி வாசிப்பீங்கங்கறது எங்கயும் போகல. அத அப்படியே லேப்டாப்புக்குள்ள இறக்கிருவோம்.”

பெர்சிஸ் பெங்களூரில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். எதில் எங்கே குற்றம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். பாட்டுக்குப் பின்னணி வாசிக்கிற மென்பொருள் ஒன்று அவளிடம் இருந்தது. கூடவே கைக்கடக்கமான ஒரு குட்டிக் கீபோர்டும்.

எல்லாம் இருந்தது. கைதான் இல்லை.

ஏனென்றால் அன்று காலை பத்து மணிக்கு பெர்சிஸின் பள்ளித் தோழி நஃபீஸத் மேலப்பாளையத்திலிருந்து மருதாணிக் கோன்களோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். பதினொன்றரைக்குள் பெர்சிஸின் இரண்டு கையும் முழங்கை வரை கொடியும் பூவுமாக ஈரமாக இருந்தன. அசைத்தால் கலைந்துவிடும். அம்மாவுக்கு மாவுக்கட்டு, மகளுக்கு மருதாணி.

மிச்சமிருந்த ஒரே ஆள் யூனிஸின் கணவர் ரிச்சர்ட்.

ரிச்சர்ட் போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். புதிய பேருந்து நிலையத்தில் அவர் மைக்கைப் பிடித்து, “நாங்குநேரி, வள்ளியூர், நாகர்கோவில்” என்று சொன்னால், தூங்குகிற பயணிகள்கூட எழுந்து பையைத் தேடுவார்கள். பாடகர் குழுவில் அவர்தான் பேஸ் என்கிற அடிக்குரலின் தூண். ஆனால் கணினி என்றால் ஒற்றை விரல்தான். அந்த விரலும் அப்போது முந்திரிக்கொத்து தின்று பிசுபிசுத்திருந்தது.

“எப்பா, கையக் கழுவிட்டு வாங்க. குழாய்ல ஆத்துத் தண்ணி வந்தா வரட்டும், குடத்த அப்புறம் பாத்துக்கலாம்.”

“குடம் நெறஞ்சு வழிஞ்சா உங்கம்மா என்ன வழிச்சிருவா.”

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், வாங்க” என்றாள் யூனிஸ். அவளுக்கு அவசரம்.

அந்த மென்பொருள் என்ன செய்யும் என்பதை இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும், பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் போல. ஒரு கட்டம் என்பது நான்கு தாளத் தட்டு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கார்டின் பெயரை எழுத வேண்டும். எந்தப் பாணியில் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து ஓடவிட்டால், பியானோ, வயலின், பேஸ் கிட்டார் எல்லாம் தாமாகவே வாசிக்கத் தொடங்கும். வாத்தியக் குழு ஒன்று மடிக்கணினிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி.

கார்டு என்பது சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்க விடுவது, அவ்வளவுதான். பாளையங்கோட்டைப் பாடகர் குழுக்களில் ஸ்வரங்களை தோ, ரே, மீ, ஃபா, சோ என்றுதான் சொல்வார்கள். தோ, மீ, சோ மூன்றும் சேர்ந்தால் இந்தப் பாட்டில் ‘டி’ என்கிற கார்டு.

சிக்கல் இனிமேல்தான். ‘டி’ என்று எழுதினால் யார் யார் வர வேண்டும் என்பது மட்டுமே மென்பொருளுக்குத் தெரியும். யார் எங்கே நிற்பது என்பது அதன் இஷ்டம். கல்யாண மேடையில் போட்டோ பிடிக்கிறவரிடம் மூன்று பேர் பெயரை மட்டும் கொடுத்த மாதிரி. ஒருமுறை சித்தப்பாவை நடுவில் நிறுத்துவார், இன்னொருமுறை ஓரத்தில் உட்கார வைப்பார். ஆட்கள் அதே ஆட்கள்தான். ஆனால் படம் வேறு. கார்டும் அப்படித்தான். மீ அடியில் நின்றால் ஒரு குணம், உச்சியில் நின்றால் வேறு குணம்.

பாட்டு முழுவதும் மென்பொருள் எப்படி நிறுத்தினாலும் யூனிஸுக்குச் சம்மதம்தான். ஒரே ஒரு இடத்தைத் தவிர. மணப்பெண் பீடத்துக்கு முன்னால் வந்து நிற்கும்போது ஒரு கார்டு வரும். அதுவரை மேலே உலாவிக்கொண்டிருந்த அவள் வலது கை, அந்த ஓரிடத்தில் மட்டும் கீழே இறங்கி இடது கையோடு ஒட்டி நிற்கும். அப்போது ஆலயத்தில் ஒரு சத்தம் வரும். பெண்ணைப் பெற்றவர்கள் கைக்குட்டையைத் தேடுவது அந்தச் சத்தத்தில்தான்.

“அந்தச் சத்தம் வரணும்” என்றாள் யூனிஸ். “மத்ததெல்லாம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல.”

மற்ற கட்டங்களை நிரப்பிவிட்டு, அந்த இடத்தில் ரிச்சர்ட் ஒற்றை விரலால் ‘டி’ என்று தட்டினார். ஓடவிட்டார்கள். மென்பொருள் உற்சாகமாக பியானோவை உச்சியில் வைத்துக் கிலுகிலுவென்று உதறியது.

“என்னட்டி இது, ஐஸ் வண்டி மணி மாதிரி கேக்குது?” என்றாள் நஃபீஸத்.

“பாணி தப்பு. எப்பா, எளிமையா ஒண்ணு இருக்கும் பாருங்க, அதத் தேர்ந்தெடுங்க. இப்போ அம்மா, அந்த எடத்துல அடியில நிக்கிறது எந்த ஸ்வரம்?”

“சோ” என்றாள் யூனிஸ் உடனே. இடது கை நன்றாகத்தான் இருந்தது. அது செய்வது அவளுக்குத் தெரியும்.

“அப்ப டி எழுதி, பக்கத்துல ஒரு சாய்கோடு போட்டு, ஏ எழுதுங்கப்பா. கோட்டுக்கு அந்தப் பக்கம் எழுதுற ஆளு அடியில போய் நிப்பாரு. அந்த ஆளுதான் சோ.”

ரிச்சர்ட் சாய்கோட்டைத் தேடி விசைப்பலகை முழுவதும் ஒருமுறை சுற்றி வந்தார். “இத எங்கனட்டி ஒளிச்சு வச்சிருக்கான்?”

“கேள்விக்குறிக்குக் கீழ.”

“கேள்வி கேக்காம ஒண்ணும் கெடைக்காது போல.”

இந்தத் தடவை அடி நன்றாக இறங்கியது. யூனிஸ் முகத்தில் பாதி வெளிச்சம் வந்து, நின்றுவிட்டது. மேலே நிற்பவர்களை மென்பொருள் இன்னும் தன் இஷ்டத்துக்குத்தான் நிறுத்தியது. பெயரை எழுதி அதற்கு மேல் கட்டுப்படுத்த முடியாது.

“பெயர் சொல்லித் தீராதுன்னா கைப்பிடிச்சுத்தான் நிப்பாட்டணும்” என்றாள் பெர்சிஸ். அதற்கும் ஒரு வழி உண்டு. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பியானோவை வாயை மூடச் சொல்லிவிட்டு, தனியாக ஒரு வரிசையைத் திறந்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாமே புள்ளி புள்ளியாக அதனதன் இடத்தில் வைக்கலாம். “சொல்லுங்கம்மா. வலது கை எதையெல்லாம் பிடிக்கும்?”

யூனிஸ் தன் வலது கையைப் பார்த்தாள்.

தெரியவில்லை. இருபத்தாறு வருஷமாக விரல் தானாகப் போய் உட்கார்ந்த இடம். புத்தியிடம் அது ஒருநாளும் அனுமதி கேட்டதில்லை. அந்தப் பாட்டை அவள் வீட்டில் வாசித்ததும் இல்லை. வீட்டில் வாசிக்கப் பெட்டி எதுவும் இருந்ததில்லை.

“எனக்குத் தெரியல பெர்சிஸ். விரலுக்குத்தான் தெரியும்.”

“அப்ப விரலக் கேப்போம்.”

குட்டிக் கீபோர்டை மேசைமேல் வைத்தார்கள். மாவுக்கட்டுக்கு வெளியே விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அழுத்தினால் வலிக்கும், ஆனால் வைக்கலாம். யூனிஸ் கண்ணை மூடி, இடது கையால் முந்தைய வரியைக் காற்றில் வாசித்துக்கொண்டே வந்தாள். அந்த இடம் வந்ததும் வலது கை தானாக இறங்கி, மூன்று கட்டைகளின் மேல் பைய உட்கார்ந்தது.

“அசையாதீங்க டீச்சர்” என்று சொல்லி நஃபீஸத் கோனை எடுத்தாள். மூன்று விரலுக்கும் முன்னால் மூன்று கட்டைகளிலும் ஒவ்வொரு மருதாணிப் பொட்டு வைத்தாள்.

“ஏட்டி, கீபோர்டு சிவந்திரப் போகுது!”

“சிவக்கட்டும். கல்யாண வீடுதான, அதுக்கும் ஒரு பொட்டு.”

பெருவிரல் மீ மேல் இருந்தது. அது ஒரு கறுப்புக் கட்டை. அடுத்தது சோ. சுண்டுவிரல் தோ. இடது கையின் சோ, தோ இரண்டையும் சேர்த்தால் மொத்தம் ஐந்து ஸ்வரம். ரிச்சர்ட் ஐந்து புள்ளிகளையும் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் வைக்கும்போது, பேருந்து கிளம்புகிற நேரம் அறிவிப்பது போல, “சோ! தோ! மீ!” என்று உரக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஓடவிட்டார்கள். கார்டு வந்தது, நிறைவாகவும் சுத்தமாகவும்.

“இது இல்ல” என்றாள் யூனிஸ்.

“அம்மா! நீங்க வச்ச அஞ்சும் இருக்கு!”

“அஞ்சும் இருக்கு. ஆனா இது இல்ல.”

“எதும் குறையுதா?”

யூனிஸ் யோசித்தாள். “குறையல. கூடுதலா இருக்கு. வந்த உடனயே எல்லாத்தையும் சொல்லி முடிச்சிருது. என்னுது இப்படி வராது. மொதல்ல வாசல் தொறக்கும். அப்புறந்தான் ஆள் வரும்.”

பெர்சிஸ் அப்பாவைப் பார்த்தாள். ரிச்சர்ட் தலையை ஆட்டினார். “அவ சொல்லுதது சரி. இது ஆலயத்துச் சத்தம் இல்ல.”

மணி இரண்டு. சோறு மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. யூனிஸ் இடது கையால் போனை எடுத்தாள். செயலாளருக்குப் போன் செய்து, அந்த வெளியூர்க்காரரையே வரச் சொல்லிவிடலாமா? அவர் ஏதோ ஒன்றை வாசிப்பார். அதில் தன் மகள் நடப்பாள். தான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ கூட்டிய கார்டைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நஃபீஸத்தான் பேசினாள். “நீங்க வாசிச்சது எதுலயாவது பதிவாகி இருக்குமே டீச்சர். கல்யாண வீடியோ இல்லாத வீடு எது?”

அட, அது யாருக்கும் தோன்றவில்லையே! ரிச்சர்டின் போனில், பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில், ஜனவரியில் நடந்த ஒரு கல்யாணத்தின் வீடியோ கிடந்தது. யாரோ பாடகர் வரிசையில் நின்று எடுத்தது. அதை மடிக்கணினியில் ஏற்றினார்கள். பெர்சிஸ் சொல்லச் சொல்ல ரிச்சர்ட் தட்டினார். எந்த ஸ்வரம் எப்போது எவ்வளவு சத்தமாக ஒலிக்கிறது என்று கோடு கோடாக வரைந்து காட்டுகிற ஒரு பக்கம் திறந்தது.

கார்டு வருகிற இடத்தில் நிறுத்தினார்கள். சோவுக்கு ஒரு கோடு. தோவுக்கு ஒரு கோடு. மேலே இன்னொரு சோ, இன்னொரு தோ. எல்லாம் அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேர்க்கோடுகள்.

மீ இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“அம்மா, நீங்க மீயை அமுக்கவே இல்ல.”

“அமுக்குதேனே! இப்பதான பாத்தோம், பெருவிரல் அங்கனதான் இருந்துச்சு.”

“அமுக்கியிருப்பீங்க. சத்தம் வரல.”

யூனிஸ் அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மழைக்காலம் நினைவுக்கு வந்தது. அந்தக் கறுப்புக் கட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊமையாகிப் போனது. ஆர்கனுக்குள் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு பித்தளை நாக்கு உண்டு. காற்று படும்போது அது துடித்துச் சத்தம் எழுப்பும். அந்த ஒன்றின் நாக்கு முறிந்துவிட்டது. வந்து பார்த்தவர், இந்த அளவுக்கு நாக்கு இப்போது கிடைப்பதில்லை, பார்க்கலாம் என்று சொல்லிப் போனார். பார்க்கலாம் என்று சபையும் விட்டுவிட்டது. மற்ற பாட்டுகளில் அந்தக் கட்டையைத் தொடாமல் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டாள். இந்தப் பாட்டு அதற்கு முன்பே விரலில் ஏறிவிட்டிருந்தது. விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. அழுத்துவதையும் சத்தம் வராததையும் சேர்த்தே அவள் மறந்துபோனாள்.

“அந்தக் கட்ட செத்து எவ்வளவோ வருஷமாச்சு” என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. “ஊமைக் கட்டைய இருபது வருஷமா அமுக்கிட்டு இருந்திருக்கேன்!”

“எப்பா, மீயைத் தூக்குங்க!”

ரிச்சர்ட் ஒரு புள்ளியை அழித்தார். மறுபடியும் ஓடவிட்டார்கள். ஆலயத்தின் உயரமான கூரைக்கு அடியில் நிற்கிற மாதிரி, அகலமாக ஒரு சத்தம் திறந்தது.

“இது! இதுதான் வாசல்!” என்று யூனிஸ் இடது கையால் மேசையைத் தட்டினாள். உடனே முகம் மாறியது. “ஆனா ஆள் வரலையே.”

பெர்சிஸ் பழைய வீடியோவின் கோடுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றம் கண்டுபிடிக்கிற பழக்கம் உள்ள கண். “கொஞ்சம் தள்ளிப் பாருங்க. ஒரு செகண்டு கழிச்சு.”

காலியாகக் கிடந்த மீயின் இடத்தில் ஒரு கோடு தோன்றியது. மெல்லியதாகத் தொடங்கி, பைய பையத் தடித்தது. மற்ற கோடுகளைப் போல நேராக இல்லை. வயலுக்குப் போகிற சிறு வாய்க்கால் மாதிரி நெளிந்து நெளிந்து போனது.

“இது வாத்தியம் இல்லம்மா. வாத்தியத்தோட கோடு நேரா நிக்கும். நெளியுதுன்னா அதுல மூச்சு இருக்கு. இது மனுசக் குரல்.”

“யாரோ பாடுதாங்க” என்றாள் நஃபீஸத்.

“யாரு பாடுதா? பவனிப் பாட்டுக்கு யாரும் பாட மாட்டாங்களே!”

அப்போதுதான் ரிச்சர்ட் சிரிக்க ஆரம்பித்தார். அடிவயிற்றிலிருந்து வருகிற பேஸ் சிரிப்பு. நாற்காலி ஆடியது.

“என்னங்க சிரிக்கியிய?”

“அது நீதான் யூனிஸ்.”

“நானா?”

“ஒவ்வொரு கல்யாணத்துலயும் அந்த எடத்துல நீதான முனங்குவ. ‘ம்ம்ம்’ன்னு. கீழ, பொம்பளைக் குரலோட அடி மட்டத்துல.”

“நான் முனங்கவே மாட்டேன்! வாசிக்கும்போது முனங்குத ஆளா நான்?”

“எப்பா, அந்த வீடியோவ இன்னொரு தடவ போடுங்க” என்றாள் பெர்சிஸ். போட்டார்கள். சத்தத்தைக் கூட்டினார்கள். சந்தேகமே இல்லை. யூனிஸ் டீச்சர், செத்துப்போன ஸ்வரத்தைத் தன் தொண்டையால் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஜனவரியில். பத்தொன்பது வருஷமாக.

நாக்கு முறிந்த முதல் வாரம், கல்யாணப் பெண் பீடத்துக்கு வந்து நிற்க, கார்டு பொக்கையாக வந்ததே என்று பதறி, வேறு வழியில்லாமல் வாய்க்குள்ளேயே அந்த ஸ்வரத்தைப் பிடித்தது அவளுக்கு மங்கலாக ஞாபகம் வந்தது. எப்போது நிறுத்தினோம் என்று யோசித்தாள். நிறுத்தவே இல்லை.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கணவரைக் கேட்டாள்.

“நான் உனக்கு நேர் பின்னாலதான உக்காந்திருக்கேன். பாட்டு முடிஞ்ச உடன நாங்க எந்திரிச்சுப் பாடணும்லா. நான் என் ஸ்வரத்த எடுக்கது ஆர்கன்லருந்து இல்ல. உன் முனங்கல்லருந்துதான்.”

“இத்தன வருஷமா ஏன் ஒரு வார்த்த சொல்லல?”

ரிச்சர்ட் விசைப்பலகையைப் பார்த்தார். “சொன்னா நீ வெக்கப்பட்டு நிறுத்திருவ. அதான்.”

பெர்சிஸும் நஃபீஸத்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நஃபீஸத் கோனால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். யூனிஸுக்கு முகம் சிவந்தது. ஐம்பத்து நான்கு வயதில் இப்படிச் சிவக்க வேண்டுமா என்று அவளுக்கே இருந்தது.

“சரி” என்று தொண்டையைச் செருமினாள். “இப்ப என்ன செய்ய?”

“சுலபம்” என்றாள் பெர்சிஸ். “வாசலை லேப்டாப் தொறக்கட்டும். அந்த ஒரு ஸ்வரத்த நீங்க முனங்குங்க, இப்பவே பதிவு பண்ணி அந்த எடத்துல ஒட்டிருவோம். வியாழக்கிழம தப்பே வராது.”

தப்பே வராது என்பது நல்ல வார்த்தைதான். ஆனால் யூனிஸ் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“ஊர்ப் புள்ளைகளுக்கெல்லாம் நேர்ல முனங்கியிருக்கேன். எம்மவளுக்கு டப்பாலயா? மாட்டேன். நானே நிப்பேன்.”

பெர்சிஸ் எழுந்து அம்மாவைக் கட்டிப்பிடிக்கப் போனாள். “மருதாணி! மருதாணி!” என்று நஃபீஸத் அலறினாள். பெர்சிஸ் இரண்டு கையையும் காற்றில் தூக்கிக்கொண்டு, அம்மாவின் தோளில் கன்னத்தை மட்டும் வைத்தாள்.

ஐந்து மணிக்கு ஆலயத்தில் மைக்செட் சங்கிலிபூதத்தான் ஒலிபெருக்கிகளை இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். மடிக்கணினியை அவருடைய பெட்டியில் இணைத்தார்கள்.

“அண்ணாச்சி, டீச்சருக்கு ஒரு மைக் வேணும்” என்றாள் பெர்சிஸ். மருதாணி காய்ந்து உதிர்ந்து, கை செக்கச்செவேலென்று இருந்தது.

“டீச்சர் எத்தன பாட்டு பாடுதாங்க?”

“ஒரு ஸ்வரம்.”

“ஒரு பாட்டா?”

“ஒரே ஒரு ஸ்வரம் அண்ணாச்சி.”

சங்கிலிபூதத்தான் யூனிஸை ஏற இறங்கப் பார்த்தார். “என் சர்வீஸ்ல ஒரு ஸ்வரத்துக்கு மைக் கேட்டது நீங்கதான் டீச்சர். இருங்க, உள்ளதுலயே நல்ல மைக்கா தாரேன்.”

முதல் தடவை. ரிச்சர்ட் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். நஃபீஸத் மடிக்கணினியைத் தட்டினாள். பாட்டு ஓடியது. பெர்சிஸ் சுடிதாரில்தான் இருந்தாள், காலில் ரப்பர் செருப்பு. ஆனாலும் பெஞ்சுகளுக்கு நடுவே அவள் நடந்து வருகிற அழகைப் பார்த்ததும் யூனிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கார்டு வந்தது. வாசல் திறந்தது. யூனிஸின் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. சத்தம் வரவில்லை.

அந்த வெற்றிடத்தில், மகளை அழைத்து வருகிறவர் தானென்பதை மறந்து, ரிச்சர்ட் பழக்க தோஷத்தில் பேஸ் எடுத்துவிட்டார். ஆலயம் அதிர்ந்தது.

“எப்பா! நீங்க பாடக் கூடாது! நீங்க பொண்ணோட அப்பா!”

“இவ ஸ்வரம் கொடுக்கல, நான் தடுமாறிட்டேன்!”

இரண்டாவது தடவை யூனிஸ் மகளைப் பார்க்கவில்லை. சுவரில் அன்றைய பாட்டெண்கள் தொங்குகிற பலகையை உற்றுப் பார்த்தாள். எண்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் வாசித்தாள். கார்டு திறந்தது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, வாயை மூடியபடி, கீழே, அடி மட்டத்தில், அந்த மீயைப் பிடித்தாள்.

வந்தது. அகலமாக நின்ற சத்தத்துக்கு நடுவே அது நெளிந்து ஏறி, பைய நிறைந்து, கூரை வரைக்கும் போனது. மென்பொருள் நான்கு ஸ்வரங்களையும் நேர்க்கோட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க, ஐந்தாவது மட்டும் மூச்சு விட்டது. சங்கிலிபூதத்தான் வயரைச் சுற்றுவதை நிறுத்தினார்.

“செயலாளருக்குப் போன் போடுங்க” என்றாள் யூனிஸ். குரலில் அதிகாரம் திரும்பியிருந்தது. “வெளியூர் ஆள் வேண்டாம்னு சொல்லிருங்க.”

ரிச்சர்ட் அங்கேயே நின்று போன் செய்து சொல்லிவிட்டார். செயலாளர் மகிழ்ச்சி என்றார். அந்த மனிதருக்கு உடனே தகவல் சொல்லி, வேறு கல்யாணத்துக்குப் போகச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

“இன்னும் ஒரு தடவம்மா” என்றாள் பெர்சிஸ். “ஆசைக்கு.”

மூன்றாவது தடவையும் யூனிஸ் பலகையைத்தான் பார்த்தாள். ஸ்வரம் சரியாக எழுந்தது. ஆனால் பெர்சிஸ் பீடத்துக்கு முன்னால் வந்து நின்றதும் திரும்பி, நேராக அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். யூனிஸின் கண் பலகையிலிருந்து நழுவி மகளிடம் போனது. ஸ்வரம் பாதியில் உடைந்தது.

“ஒண்ணு வரல, ஒண்ணு வந்துச்சு, ஒண்ணு பாதி” என்று நஃபீஸத் கணக்குச் சொன்னாள். “வியாழக்கிழம இதுல எது டீச்சர்?”

யூனிஸ் மாவுக்கட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்துகொண்டிருந்தது. “ஏட்டி பெர்சிஸ், அன்னைக்கு நீ என்னப் பாக்காம நட. போதகர் ஐயரைப் பாரு, மாப்பிள்ளையப் பாரு. என்ன மட்டும் பாக்காத. பாத்தா எனக்கு வராது.”

“பாக்கத்தான் செய்வேன்” என்றாள் பெர்சிஸ்.